பிரான்ஸுக்குப் படிக்கப் போகலாமா? வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், 2017 முதல் 2019 வரை பிரான்ஸின் லீல் நகரில் பிசினஸ் ஸ்கூலில் படித்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். இப்போது காரைக்குடியில் இருந்து ஆத்தங்குடிக் கல் ஏற்றுமதிக் கணக்கைப் பார்க்கிறேன் என்று கடைசி வரியில் சொன்னதாலோ என்னவோ, நம் பக்கத்து ஊர்களில் இருந்தே நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பி.காம். கடைசி வருடம் படிக்கிறேன். ‘கிராந்த் எகோல்’ படிப்பு என்கிறார்கள், எம்.எஸ்சி. என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்கிறார் ஏஜெண்ட். உண்மையா?
– மாணவர், காரைக்குடி

பதில்: ஒன்றில்லை, தம்பி. பிரான்ஸில் பல்கலைக்கழகம் ஒரு பாதை, போட்டித் தேர்வு வைத்துச் சேர்க்கும் உயர்கல்லூரிகளான கிராந்த் எகோல் இன்னொரு பாதை. பழைய பிசினஸ் ஸ்கூல்கள் பல வணிகர்கள் கூடி ஆரம்பித்தவை. ஈ.எஸ்.சி.பி. 1819இல் தொடங்கியது, எச்.ஈ.சி.யை 1881இல் பாரிஸ் வணிகச் சபை தொடங்கியது. பிரெஞ்சுப் பிள்ளைகளில் நிறையப் பேர் பள்ளி முடித்ததும் இரண்டு வருடம் ‘ப்ரேப்பா’ என்ற தயாரிப்பு வகுப்பில் ராப்பகலாகப் படித்து, போட்டித் தேர்வு எழுதித்தான் உள்ளே வருகிறார்கள். நம்மைப்போல் டிகிரி முடித்தவர்களுக்குத் தனி வாசல் உண்டு. அந்த வழியில் சேர்ந்தால் பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்பு; முடிவில் அரசு ஏற்கும் ‘கிராத் த மாஸ்தர்’ என்ற முதுநிலைத் தகுதி கிடைக்கும். எம்.எஸ்சி. பெரும்பாலும் ஒரு வருடம், ஒன்றரை வருடம். அதில் அரசு அங்கீகாரம் உள்ளதும் உண்டு, அந்த ஸ்கூலே கொடுக்கும் வெறும் டிப்ளமோவும் உண்டு. பெயரை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

ஏஜெண்டிடம் கேட்காதே, ஸ்கூலுக்கே மெயில் போடு. இந்தப் பட்டத்துக்கு ‘கிராத் த மாஸ்தர்’ உண்டா? பிசினஸ் ஸ்கூல்களுக்கான உலக அங்கீகாரங்களான ஏ.ஏ.சி.எஸ்.பி., ஈக்விஸ், ஆம்பா இந்த மூன்றில் எது எது இருக்கிறது? இன்டர்ன்ஷிப் எத்தனை மாதம்? சுற்றி வளைத்துப் பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடு. இன்னொன்றையும் ஏஜெண்ட் சொல்லியிருக்க மாட்டார். அரசுப் பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே ‘ஐ.ஏ.இ.’ என்று மேலாண்மைக் கல்லூரிகள் இருக்கின்றன. வெளிநாட்டு மாணவருக்கு அங்கே முதுநிலைக் கட்டணம் வருடத்துக்கு ஏறத்தாழ 4,000 யூரோதான். பிரெஞ்சு தெரிந்திருந்தால் அந்தக் கதவு இன்னும் அகலமாகத் திறக்கும்.

கேள்வி: மகன் பிரான்ஸ் போக ஆசைப்படுகிறான். எங்களுக்குப் பூர்வீக வீட்டில் ஒரு பங்கு உண்டு. அதை வைத்துக் கடன் வாங்கலாமா? அங்கே வேலை பார்த்தே அடைத்துவிடலாம் என்கிறான்.
– ஒரு தந்தை, தேவகோட்டை

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். என் அப்பச்சியும் (அப்பாவும்) இதே கேள்வியோடு முகப்பில் உட்கார்ந்திருந்தவர்தான். அன்று என் ஐயா (தாத்தா) ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்து, “மொதல்ல ஐந்தொகை போடு, அப்புறம் அழு” என்றார். அதையே நாமும் செய்வோம்.

ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடப் படிப்புக்குக் கட்டணம் 30,000 யூரோ என்றால் 30 லட்சம். பெயர் பெற்ற இடங்களில் இன்னும் கூடும். விசாவுக்கு மாதம் 615 யூரோ கையில் இருப்பதாகக் காட்டச் சொல்வார்கள். ஆனால் லீல் மாதிரி ஊரிலேயே வாடகை 500 போய்விடும். மாதம் 800க்குக் குறைத்து எழுத வேண்டாம். இரண்டு வருடத்துக்கு அது 19 லட்சம். ஆக, கிட்டத்தட்ட அரைக்கோடி.

இனி வரவு. மாணவர்கள் வருடத்துக்கு 964 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்பது சட்டம். அதை முழுதாகச் செய்துகொண்டு படித்தவர்களை நான் பார்த்ததில்லை. பாதி என்று எழுதுங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் போகும் இன்டர்ன்ஷிப்புக்கு, அவர்கள் ‘ஸ்தாஜ்’ என்பார்கள், நிறுவனம் பணம் கொடுத்தே ஆக வேண்டும். குறைந்தபட்சம் மணிக்கு 4 யூரோவுக்குச் சற்று மேல். மாதம் 600, 700 யூரோ வரும். அது சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் சரியாய்ப் போகும், கடனுக்கு எதுவும் மிஞ்சாது. வீட்டு வாடகைக்கு அரசு உதவி எனக்குக் கிடைத்தது. ஆனால் அந்த விதி மாறிக்கொண்டே இருப்பதால் அதை வரவில் எழுதவே எழுதாதீர்கள். இரண்டாம் வருடத்தில் ‘அல்தெர்னான்ஸ்’ என்ற முறையில் வேலையோடு படிக்க இடம் கிடைத்தால், கட்டணத்தை நிறுவனமே கட்டும், சம்பளமும் தரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிரெஞ்சு பேசத் தெரியாத பையனுக்கு அது கிடைப்பது மிக அரிது.

ஆகவே “அங்கே வேலை பார்த்தே அடைக்கிறேன்” என்பது படிக்கும்போது நடக்காது. முடித்தபிறகுதான் அடைக்க முடியும். முதுநிலை முடித்த இந்திய மாணவர்கள் வேலை தேட இரண்டு வருடம் வரை தங்க வழி இருக்கிறது. அதுவரை வட்டி ஓடிக்கொண்டிருக்கும். வட்டி எப்படி ஓடும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் கடன் 19 லட்சம். அடைக்க ஆறு வருடம் ஆனது. அந்த ஆறு வருடமும் எங்கள் வீட்டில் எந்த விசேஷத்தையும் பெரிதாகச் செய்யவில்லை.

பங்கு வீட்டைத் தொடாதீர்கள் என்பதுதான் என் கருத்து. அதில் பங்காளிகள் எத்தனை பேர் கையெழுத்து வேண்டும், ஒருவர் மறுத்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். பணத்தோடு உறவும் சிக்கிக்கொள்ளும். மகன் பெயரில், அவன் படிப்பை வைத்து வங்கி எவ்வளவு தருகிறதோ அந்த அளவுக்குள் படிப்பைத் தேடச் சொல்லுங்கள். கட்டணச் சலுகைக்கு எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்; கேட்டதால்தான் எனக்குக் குறைத்தார்கள். கிடைக்கவில்லையா, ஒரு வருடம் இங்கே வேலை பார்த்துக்கொண்டு பிரெஞ்சு படிக்கட்டும். அந்த ஒரு வருடம் வீண் இல்லை, ஐயா.

கேள்வி: மகள் சுத்த சைவம். குளிர் வேறு. தனியாக எப்படி இருப்பாள் என்று எனக்குத் தூக்கமே வரவில்லை.
– ஒரு தாய், கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். லீலில் வாசெம் என்ற பகுதியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை கூடும். கொத்தமல்லி, பச்சை மிளகாய், கத்தரிக்காய் எல்லாம் கிடைக்கும். மதியம் சந்தை கலையும் நேரம் பார்த்துப் போனால் விலை பாதி. பருப்பும் புளியும் தீர்ந்தால் ரயில் ஏறி ஒரு மணி நேரத்தில் பாரிஸ். இறங்கும் ‘கார் து நோர்’ நிலையத்தில் இருந்து நடந்துபோகும் தூரத்தில் லா ஷப்பெல். ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும், பெயர்ப்பலகைகூடத் தமிழில். பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் கோயில். பிள்ளையார்பட்டிக்கு மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்த நான், அந்தச் சந்நிதியில் முதல் தடவை நின்றபோது வாய்விட்டு அழுதேன்.

குளிரைவிட இருட்டுதான் படுத்தும். டிசம்பரில் எட்டே முக்காலுக்குத்தான் விடியும்; ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். அந்த மாதங்களில் தினமும் ஒரு நேரம் வைத்துப் பேசுங்கள்.

வீடு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நேரில் பார்க்காத அறைக்கு ஒரு யூரோகூட அனுப்பக் கூடாது. நான் புறப்படும் முன்பே ஒரு தரகருக்கு 400 யூரோ அனுப்பினேன். போய் இறங்கினால் அந்த முகவரியில் அப்படி ஓர் அறையே இல்லை. முதல் வருடம் மாணவர் விடுதியே நல்லது. தனி வீடு என்றால் பிரான்ஸில் ஜாமீன் ஆள் கேட்பார்கள். அதற்கு ‘விசால்’ என்று இலவச உத்தரவாதம் உண்டு, மாணவர்கள் இணையத்தில் விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தானே? பிறகு எதற்குப் பிரெஞ்சு?
– பலர்

பதில்: இதற்குத்தான் நான் அதிகம் எழுத ஆசைப்படுகிறேன். வகுப்பில் ஆங்கிலம் போதும். வகுப்புக்கு வெளியே ரொட்டிக் கடை, வங்கி, டாக்டர், வீட்டுக்காரர் எல்லாம் பிரெஞ்சு. கடைக்குள் நுழைந்ததும் ‘போன்ழூர்’ சொல்லாமல் விலை கேட்டால் முகம் மாறிவிடும். வீட்டுக்கு வந்தவரை “வாங்க” என்று கேட்காமல் இருந்தால் நமக்கு எப்படி இருக்கும், அதேதான்.

லீலுக்குப் பக்கத்தில் ரூபே என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் நூற்பாலைகளால் வாழ்ந்த ஊர். அங்கே ஒரு துணி வியாபார நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் எனக்கு ஆறு மாத ஸ்தாஜ். இரண்டாவது வாரம், மேலதிகாரி இல்லாத நேரம் போன் அடித்தது. கிடங்கில் இருந்து ஒருவர் தன் எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். அங்கே போன் எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள். அவர் ‘கத்ர் வேன் தீஸ் செத்’ என்றார். ‘கத்ர் வேன்’ என்றதும் 80 என்று எழுதினேன், ‘தீஸ் செத்’ என்றதும் 17 என்று எழுதினேன். அவர் சொன்னது 97. பிரெஞ்சில் தொண்ணூற்றேழு என்றால் ‘நாலு இருபது பதினேழு’. போனை வைத்தபிறகு எண்ணிப் பார்த்தால், பத்து இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு. அன்று போக வேண்டிய சரக்கு போகவில்லை.

பக்கத்து மேசையில் இருந்த அம்மாள், ஐம்பது வயதிருக்கும், என் தாளை எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு பென்சிலையும் கிழித்த காகிதத்தையும் என் முன் வைத்துப் பத்து எண்களை வேகமாகச் சொன்னார். ஏழு தப்பு. அடுத்த நாளும் பத்து. மூன்று வாரம் விடாமல் சொன்னார். பத்தும் சரியாக வந்த நாள், அலமாரியில் இருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவரிடம் ஒருநாள், எங்கள் மொழியிலும் தொண்ணூறுக்குள் ‘நூறு’ ஒளிந்திருக்கிறது என்று எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ரங்கூனில் லேவாதேவி நடத்திய வீடுகளில் பெட்டியடிப் பையன் என்று ஒருவன் இருப்பான். மை ஊற்றுவது, சிட்டை எடுத்துக்கொடுப்பது என்று தொடங்கி, பார்த்துப் பார்த்தே தொழில் கற்று அடுத்தாளாக, மேலாளாக வருவான். ஸ்தாஜ் என்பது அதுதான். வகுப்பில் படித்ததைவிட அந்த மேசையில்தான் நான் அதிகம் கற்றேன். பிரெஞ்சு இல்லாமல் போயிருந்தால் அந்த மேசையே கிடைத்திருக்காது. சென்னையிலும் புதுச்சேரியிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. புறப்படும் முன் பிரெஞ்சில் பி1 என்ற நடுத்தர நிலையாவது முடியுங்கள். போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று வந்த என் நண்பர்களில் பாதிப் பேர் கற்கவே இல்லை. கேஸ் ஸ்டடியும் குழு வேலையும் நேரம் தராது.

கேள்வி: எப்போதும் முதல் மதிப்பெண் வாங்குகிறவன் நான். அங்கே 20க்கு 12 தான் போடுகிறார்களாமே? குழுவில் நம்மைச் சேர்ப்பார்களா?
– மாணவர், புதுவயல்

பதில்: 20க்கு 10 வந்தால் பாஸ், 14 நல்ல மதிப்பெண், 16 மிக நல்லது. என் முதல் தாளில் 11 வந்தது. கண்ணீரோடு பேராசிரியரிடம் போனேன். “பாடத்தைத் திருப்பி எழுதியிருக்கிறாய், உன் கருத்து எங்கே?” என்று கேட்டார். அதற்குப்பின் கருத்தைத்தான் முதலில் எழுதினேன்.

குழுவில் முதலில் தள்ளித்தான் நிற்பார்கள். கணக்குப் பகுதியை நான் வலியக் கேட்டு வாங்கினேன். வேலை சுத்தமாக வந்ததும் அவர்களே தேடி வந்தார்கள். எங்கள் குழுவில் ஹோ சி மின் நகரத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். பழைய சைகோன்தான் அது. செட்டிநாடு என்று சொன்னதும், தன் ஊரில் நகரத்தார் கட்டிய தெண்டாயுதபாணி கோயிலைப் படமெடுத்து அனுப்பச் சொல்லித் தன் அம்மாவைக் கேட்டாள். என் ஐயாவின் அப்பச்சி மேலாளாக இருந்த ஊர் அது. அந்தப் படம் இன்னும் என் மேசையில் இருக்கிறது.

கேள்வி: ரூவான் நகரில் இடம் கிடைத்துவிட்டது. கல்யாணத்தை முடித்துவிட்டுப் போ என்கிறார்கள். அப்பத்தா அழுகிறார்.
– பெயர் வேண்டாம், பள்ளத்தூர்

பதில்: தங்கச்சி, பதின்வயதுப் பையன்களைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, மூன்று வருடக் கணக்கு முடிந்து வருவான் என்று வளவில் காத்திருந்த பெண்களின் ஊர் நம்முடையது. உன் அப்பத்தா அந்தக் காத்திருப்பைப் பார்த்து வளர்ந்தவர். அவர் அழுவது உன்னைத் தடுக்க அல்ல. கோபப்படாதே. உன் அறை எப்படி இருக்கும், பஸ் எங்கே நிற்கும், என்ன சமைப்பாய் என்று உட்கார்ந்து காட்டு. என் அப்பத்தா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அங்க தண்ணி எப்படி ஆத்தா?”

கல்யாணத் தேதியை மாற்றலாம். செப்டம்பர் வகுப்புக்கும் விசாவுக்கும் அப்படி இல்லை. போய் வா என்பதுதான் என் பதில். அதற்குமுன் முன்பணம் திரும்ப வருமா, இடத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று ஸ்கூலுக்கு இன்றே எழுதிக் கேட்டு வைத்துக்கொள். வீட்டில் பேச்சு வரும்போது கையில் பதில் இருக்க வேண்டும்.

உன் அப்பச்சிக்கு என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் இதழ் முகவரிக்கு ஒரு வரி எழுதச் சொல். காரைக்குடியில் இருந்து பள்ளத்தூர் பஸ்ஸில் அரை மணி நேரம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன்.