பெருசும் சிறுசும் ஒரே மெஷின்ல: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், எங்க மெஷின்ல 2 மீட்டர் ஸ்டீல் ஆர்ம், அதோட நுனில 3 மில்லிமீட்டர் பின்னை பிடிக்கிற கிரிப்பர். காலைல செட் பண்ணா ஓட்டைல கரெக்டா இறங்குது, மதியம் தவறுது. இன்னும் பவரான மோட்டார் போட்டா சரியாகுமா?

பதில்: ஆகாதுங்க, மோட்டார்ல கை வைக்காதீங்க. காலைக்கும் மதியத்துக்கும் நடுவுல என்ன மாறுதுன்னு பாருங்க, சூடுதான். ஸ்டீல் 1 மீட்டருக்கு 1 டிகிரிக்கு சுமார் 12 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) நீளும், அப்போ உங்க ஆர்ம் 1 டிகிரிக்கு 24 மைக்ரான், 6 டிகிரி ஏறினா 144 மைக்ரான், பின்னுக்கும் ஓட்டைக்கும் இருக்கற கேப்பே 20, 30 மைக்ரான்தான்னா அது எப்படி இறங்கும்? ஆர்ம் அலுமினியமா இருந்தா இன்னும் மோசம், கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு நீளும்.

அடில இருக்கற பேரிங்கையும் பாத்துடுங்க. ரெண்டு பேரிங்குக்கு நடுவுல 10 சென்டிமீட்டர்னு வச்சுக்கோங்க, அங்க 1 மைக்ரான் ஆட்டம் இருந்தா நுனிக்கு வரும்போது அது 20 மைக்ரான்.

என்னைக் கேட்டா இவ்வளவு பெரிய ஆர்ம்கிட்ட துல்லியத்தைக் கேக்கவே கூடாது. அதோட வேலை பக்கத்துல கொண்டுபோய் விடறது, அவ்வளவுதான், கடைசி அரை மில்லிமீட்டரை நுனில இருக்கற சின்ன ஆக்சுவேட்டர், அதாவது நுணுக்கமா நகத்தற குட்டி டிரைவ், பாத்துக்கட்டும். இப்ப வர்ற நிறைய ஹார்ட் டிஸ்க்ல இதேதான், ஆர்மை மொத்தமா திருப்ப ஒரு காயில் மோட்டார், நுனிகிட்ட டேட்டாவைப் படிக்கற ஹெட்டை நுணுக்கமா நகத்த தனியா ஒரு பீசோ, வோல்டேஜ் குடுத்தா துளியூண்டு நீளற துண்டு அது. சென்சாரையும் மோட்டார் ஷாஃப்ட்ல வைக்காம நுனில வைங்க, ஏன்னா ஷாஃப்ட்டுக்கு ஆர்ம் நீண்டதே தெரியாது. இதுக்கெல்லாம் பட்ஜெட் இல்லன்னா ஓட்டை வாய்ல நல்ல சேம்ஃபர் (விளிம்பைச் சரிவா வெட்டறது) போட்டு, கிரிப்பர் பக்கவாட்டுல கொஞ்சம் இளகற மாதிரி ஒரு காம்ப்ளையன்ஸ் யூனிட் மாட்டுங்க, பின் தானா வழி தேடி இறங்கிடும். நான் முதல்ல இதைத்தான் பண்ணிப் பாப்பேன்.

கேள்வி: சின்ன மாடல் அருமையா ஓடுச்சு, எல்லா அளவையும் 10 மடங்கு பெருசாக்கினா தொங்குது. 10 மடங்கு சின்னதாக்கினா எடுத்த பார்ட் கீழ விழாம கிரிப்பர்லயே ஒட்டிக்குது. ஏன்?

பதில்: ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான். நீளம் 10 மடங்கானா குறுக்குப் பரப்பு 100 மடங்கு, எடை 1000 மடங்கு, கலிலியோ 1638லயே எழுதி வச்ச விஷயம் இது. சொந்த எடையால வர்ற தொங்கல் 100 மடங்கு ஆகும், அதனால அப்படியே பெருசாக்காம குறுக்குவெட்டை புதுசா டிசைன் பண்ணணும். சின்னதாகும்போது கணக்கு தலைகீழ், பரப்பைவிட எடை வேகமா குறையறதால ஸ்டாட்டிக் சார்ஜ், காத்து ஈரம் மாதிரி பரப்புல வேலை செய்யற விசைங்க எடையை ஜெயிச்சிடும். கிரிப்பரை எர்த் பண்ணுங்க, பிடிக்கற முகத்தை சொரசொரப்பாக்கி தொடற இடத்தைக் குறைங்க, விடும்போது லேசா ஊதி விடுங்க.

கேள்வி: பெருசையும் சிறுசையும் சேத்ததுல உங்களை அசத்தின மெஷின் எது?

பதில்: யோசிக்கவே வேணாம், அமெரிக்கால இருக்கற லைகோதான், வெளியையே துளியூண்டு நீட்டிச் சுருக்கற ஈர்ப்பலைகளைப் பிடிக்கற மெஷின். லேசர் ஓடற ஒவ்வொரு கையும் 4 கிலோமீட்டர், உள்ள தொங்கற, லேசரைத் திருப்பி அனுப்பற கண்ணாடி ஒவ்வொண்ணும் 40 கிலோ, அதைத் தாங்கறது வெறும் 0.4 மில்லிமீட்டர் தடிமன்ல நாலு சிலிக்கா இழை! 2015 செப்டம்பர் 14ல முதல் ஈர்ப்பலை சிக்னல் வந்தப்போ அந்த 4 கிலோமீட்டர்ல வந்த மாற்றம் ஒரு புரோட்டான் அகலத்துல நூத்துல ஒரு பங்குகூட இல்ல. எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது ஜாயின்ட்தான், கிளாம்ப் போட்டு இறுக்கினா அந்த உரசல்ல வர்ற நாய்ஸே சிக்னலை முழுங்கிடும்னு இழையை லேசரால உருக்கி கண்ணாடியோட பக்கத்துல இருக்கற அதே சிலிக்கால செஞ்ச காது மாதிரி துண்டுல வெல்ட் பண்ணிருக்காங்க.