பார்க் இடம் யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி: எங்கள் மனைப்பிரிவு தமிழ்நாட்டில் ஒரு நகராட்சிக்குள் இருக்கிறது. 60 மனைகள். அங்கீகார வரைபடத்தில் ‘பூங்கா’ என்று காட்டிய 28 சென்ட்டில் இப்போது சீமைக்கருவேலம்தான் மண்டிக் கிடக்கிறது. மூன்று முறை மனு கொடுத்தும் ‘நிதி இல்லை’ என்றே பதில். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் நிதியைத் துரத்துமுன் நிலத்தின் காகிதத்தைப் பாருங்கள். உரிமை நகராட்சி பெயரில் இல்லாத இடத்துக்குப் பொறியாளர் எஸ்டிமேட் போட்டாலும் கோப்பு நகராது. ‘நிதி இல்லை’ என்ற பதிலுக்குப் பின்னால் பல நேரம் இதுதான் ஒளிந்திருக்கும்.

இன்றைய விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தை புரமோட்டர் தானப் பத்திரம் பதிந்து உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். பழைய மனைப்பிரிவுகளில் வரைபடத்தில் பச்சை அடித்ததோடு விட்டவர்கள் உண்டு. பத்திரம் பதிந்தும் பட்டா மாறாமல் கிடப்பது அதைவிட அதிகம். பட்டா பழைய பெயரிலேயே இருந்தால், பின்னாளில் வாரிசுகள் அதை மனையாக்கி விற்க வழி திறந்தே இருக்கிறது.

அந்த சர்வே எண்ணுக்கு, அங்கீகாரம் கிடைத்த ஆண்டிலிருந்து இன்றுவரை வில்லங்கச் சான்று எடுங்கள். தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். கூடவே 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஆர்.டி.ஐ. மனு போடுங்கள். ‘ஏன் பூங்கா அமைக்கவில்லை?’ என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் மழுப்பலே வரும். ‘இன்ன எண் அங்கீகார வரைபடம், தானப் பத்திரம், நகர நில அளவைப் பதிவேட்டில் இந்த இடத்துக்கான பக்கம் ஆகியவற்றின் நகல் வேண்டும்’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். பத்திரம் இருந்து பட்டா மாறவில்லை என்றால், நகராட்சி ஆணையர் தாசில்தாருக்கு எழுத வேண்டும். உங்கள் அடுத்த மனு அதற்காக மட்டும் இருக்கட்டும். அளந்து, கல் நட்டு, வேலி போடுவது அதற்கடுத்தது.

இடத்தை வேறு வேலைக்குக் கொடுக்கப் போவதாகப் பேச்சு வந்தால், பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991-இல் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை மனுவில் சேருங்கள். அதே கண்ணாடியில் நம்மையும் பார்க்க வேண்டும்: பல பார்க்குகளில் முதல் ஆக்கிரமிப்பு, குடியிருப்போரே மூலையில் எழுப்பும் பிள்ளையார் கோவில்தான்.

நிதிக்கு ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதி அரசுடையது. 15 லட்சம் எஸ்டிமேட் என்றால் உங்கள் பங்கு 5 லட்சம். மனைக்கு ஏறக்குறைய 8,350 ரூபாய். ஊர்க்காரர் நடத்தும் நிறுவனம் ஒன்று அதில் பாதியை ஏற்றாலும் சுமை குறையும். கவுன்சிலர் கையெழுத்தோடு நில்லாமல், ஏரியா சபைக் கூட்டத்தில் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் சபை) கோரிக்கையை எழுத்தில் பதிய வையுங்கள்.

எஸ்டிமேட்டைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள். செயற்கை நீரூற்றும் கொரியன் புல்லும் இருந்தால் வெட்டச் சொல்லுங்கள். முதல் கோடையிலேயே புல் காய்ந்துவிடும், நீரூற்று கொசுத்தொட்டியாகும். அந்தப் பணத்தில் போர்வெல், சொட்டுநீர்க் குழாய், 3 அடிக்கு 3 அடி குழியில் புங்கன், வேம்பு, மகிழம். நடைபாதையை 60 மில்லிமீட்டர் பேவர் பிளாக்கில், தண்ணீர் வடியும் சரிவோடு போடச் சொல்லுங்கள். ஊஞ்சல், சறுக்குக்கு அடியில் சிமெண்ட் கூடாது; ஒரு அடி ஆழத்துக்கு மணல். பொங்கல் விழாவுக்குப் பந்தல்காரர் கடப்பாரை போட்டுப் பேவரைப் பெயர்ப்பது வழக்கம். மூடி போட்ட இரும்புக் குழாய்களைக் கான்கிரீட்டில் முன்கூட்டியே புதைத்துவிட்டால் பந்தல் காலை அதில் இறக்கிக்கொள்ளலாம்.

மின் இணைப்பு நகராட்சி பெயரிலேயே இருக்கட்டும். சங்கத்தின் பெயரில் வாங்கினால், நிர்வாகிகள் மாறி பில் கட்டாமல் விட்ட மாதமே மோட்டார் நிற்கும், கன்றுகள் கருகும். தண்ணீர் விடுவது யார், சாவி யாரிடம் என்பதை வேலை தொடங்குமுன் ஆணையரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.