ஒரே சோடி ஸ்கீயில் முழு மலையும்: கேள்வி பதில்

சுவிற்சர்லாந்தின் ஊரி மாநிலத்தில், பனியில் சறுக்கும் பலகையான ஸ்கீயை விற்கும் கடையொன்றின் வேலைத்தளத்தில் நெடுங்காலம் அதன் இரும்பு விளிம்பு தீட்டியும், பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் பைண்டிங் பொருத்தியும் பிழைத்த நான், இப்போது கிளிநொச்சியில் வசிக்கிறேன். பனி நாடுகளுக்குச் சென்ற வன்னிப் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் தருகிறேன். மலை முழுவதற்கும் ஏற்றது என்று விற்கப்படும் ‘ஓல் மவுண்டன்’ ஸ்கீ பற்றியே இங்கு பேச்சு. இன்னும் பனியில் நிற்கவே பழகாதவர்கள் பயிற்றுநரிடம் செல்லவும்.

மல்லாவி, இப்போது சூரிச்: ஐயா, இதுவரை வாடகை ஸ்கீயில்தான் சறுக்கினேன். நடுத்தரமான சிவப்புச் சரிவுகளில் பயமில்லை, மிகக் கடினமான கறுப்பில் தடுமாறுகிறேன். சொந்தமாக வாங்குவதானால் ஸ்கீக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

முதலில் பூட்ஸுக்கு வேண்டிய பணத்தை எடுத்து வையுங்கள், தம்பி, மிஞ்சுவதே ஸ்கீக்கு. குதிக்கால் உள்ளே எழும்பி இறங்கும் பூட்ஸை அணிந்துகொண்டு எவ்வளவு விலை உயர்ந்த ஸ்கீயில் ஏறினாலும், நீங்கள் நினைத்தது விளிம்புக்குப் போய்ச் சேர்வதற்குள் வளைவு முடிந்துவிடும். கடையில் உள்ளுறையைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் பிளாஸ்ரிக் கோதுக்குள் மெல்லிய காலுறையுடன் காலை விட்டு, பெருவிரல் முன்சுவரை மெல்லத் தொடும்வரை தள்ளுங்கள். குதிக்காலுக்குப் பின்னால் எஞ்சும் இடைவெளி ஒன்றரைச் சென்ரிமீற்றர் அளவில் இருந்தால் நல்லது. இரண்டைத் தாண்டினால் அந்தப் பூட்ஸ் உங்களுக்கு உரியதல்ல. பின்னர் உள்ளுறையோடு அணிந்து நிமிர்ந்து நிற்கையில் விரல் முன்னே முட்டும், முழங்காலை முன்னோக்கி மடிக்கையில் விலகும்; அதுவே சரியான அளவு. முட்டுகிறது என்று சொன்னவுடன் பெரிய அளவை எடுத்து வரும் விற்பனையாளரை நம்பாதீர்கள். பூட்ஸ் எவ்வளவு விறைப்பானது என்று காட்டும் எண்ணில் நடுத்தரத் தேர்ச்சியுள்ள ஆணுக்கு 90 அல்லது 100 பொருந்தும். ஆனால் அந்த எண்ணுக்குப் பொது அளவுகோல் இல்லாததால், ஒரு நிறுவனத்தின் 100 இன்னொன்றின் 90 ஐ விட மென்மையாக இருக்கக்கூடும்.

ஒட்டுசுட்டான், இப்போது ரொறன்ரோ: நண்பர் ஒருவர் 100 மில்லிமீற்றர் இடை அகலமுள்ள, அதாவது நடுவில் ஒடுங்கிய இடத்தில் அவ்வளவு அகலமுள்ள ஸ்கீ இருந்தால் எல்லாவற்றுக்கும் போதும் என்கிறார். நான் வார இறுதியில் புளூ மவுண்டனுக்குப் போவேன். எப்போதாவது விஸ்லருக்கும் போவதுண்டு. அவர் சொல்வது சரியா?

உங்களுக்குச் சரியல்ல. புளூ மவுண்டன் 220 மீற்றர் உயர வேறுபாடு கொண்ட சிறிய மலை. அங்கே இயந்திரம் தூவிய செயற்கைப் பனி மிகுதி, அது உருகி மீண்டும் உறைந்து கண்ணாடிபோல இறுகும். ஸ்கீயின் இடை அகலமாக அகலமாக, அதன் விளிம்பு பூட்ஸின் நடுக்கோட்டிலிருந்து விலகிப் போகிறது. அதைச் சரித்துப் பிடிக்கக் கணுக்காலும் முழங்காலும் கூடுதலாக உழைக்கவேண்டும், ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறவும் நேரம் பிடிக்கும். நம் ஊரில் சேற்று வயலுக்கென்று லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்துக்குப் பூட்டும் இரும்புச் சில்லோடு யாரும் ஏ9 வீதியில் போவதில்லை. 80 முதல் 88 வரை வாங்குங்கள். றொசிஞோல் எக்ஸ்பீரியன்ஸ் 82, ஸ்ரொக்லி ஸ்ரோம்றைடர் 88 போன்றவற்றில் பெயரிலுள்ள எண்ணே இடை அகலம். விஸ்லரில் புதுப்பனி விழுந்தால் அங்கேயே அகலமானதை வாடகைக்கு எடுங்கள்.

புதுக்குடியிருப்பு, இப்போது ஒஸ்லோ: மேலே சொன்னது பழைய காலத்துச் சட்டம். இரண்டு டைட்டனல் உலோகத் தகடுகள் உள்ள 98 மில்லிமீற்றர் ஸ்கீயில் ஹெம்செடாலின் கடும்பனியிலும் நான் உறுதியாக நிற்கிறேன். முன்முனையில் ரொக்கர் என்ற மேல்நோக்கிய வளைவு வந்த பிறகு அகலம் ஒரு பிரச்சினையே அல்ல.

பிடிக்காது என்று நான் சொல்லவில்லை. பிடிக்க வைப்பதற்கு யார் கூலி கொடுக்கிறார் என்பதே கேள்வி. கொடுப்பது உங்கள் முழங்கால். விளிம்பின் பிடி, ஸ்கீ முறுக்கத்துக்கு எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பதிலும், விளிம்பு எவ்வளவு கூராக இருக்கிறது என்பதிலும் தங்கியுள்ளது. உலோகத் தகடு முதலாவதுக்கு உதவும் என்பதை ஏற்கிறேன். ஆனால் ரொக்கரை நீங்கள் சாட்சிக்கு அழைப்பது வியப்பாக இருக்கிறது. 2002 இல் வொலன்ற் நிறுவனம் ஸ்கீ வீரர் ஷேன் மக்கொன்கியின் வடிவமைப்பில் ஸ்பட்டுலா என்ற ஸ்கீயை வெளியிட்டபோது, அதன் முனைகள் மேல்நோக்கி வளைந்தது ஆழமான பனியில் மிதப்பதற்காகவே. இறுகிய பனியில் ரொக்கர் செய்வது அதற்கு நேர்மாறு: முன்முனை தரையைத் தொடாதபடியால், 180 சென்ரிமீற்றர் ஸ்கீயும் அதைவிடக் குட்டையான விளிம்பில்தான் ஓடுகிறது. சென்ற பருவத்தில் நீங்கள் சறுக்கிய நாட்களில் எத்தனை நாள் முழங்கால் அளவு புதுப்பனி இருந்தது என்று நேர்மையாகச் சொல்லுங்கள், தம்பி.

ஒஸ்லோத் தம்பி மீண்டும்: அதிகமில்லை. ஆனால் மதியத்துக்குப் பின் சரிவு முழுவதும் குவியல் குவியலாகப் பனி கிளறப்பட்டிருக்கும். அங்கே குறுகிய ஸ்கீ தடுக்கி நிற்கும்.

இப்போதுதான் உண்மையான காரணத்தைச் சொல்கிறீர்கள். கிளறிய பனியில் அகலமும் எடையும் உதவும், மறுக்கமாட்டேன். அதற்கு நோர்டிகா என்போசர் 94 அளவு போதும். 98 ஐ நியாயப்படுத்தக் கடும்பனியை இழுக்காமல், குவியல் பனியைப் பற்றி முதலிலேயே பேசியிருக்கலாம்.

விசுவமடு, இப்போது பாரிஸ்: இந்த வாதம் போதும், ஐயா. என் உயரம் 174. எத்தனை சென்ரிமீற்றர் ஸ்கீ வாங்குவது?

நடுத்தரத் தேர்ச்சியென்றால் நாடிக்கும் நெற்றிக்கும் இடையில். வேகமாகச் செல்லும் தேர்ச்சியாளரென்றால் உச்சந்தலை வரை. எடை கூடியவர் நீளமானதையும் குறைந்தவர் குட்டையானதையும் எடுக்கலாம். ரொக்கர் மிகுந்த ஸ்கீயை ஓரளவு நீளமாகவே வாங்கவேண்டும்; காரணம் மேலேயே இருக்கிறது.

பூநகரி, இப்போது லண்டன்: என் உயரம் 181. எத்தனை சென்ரிமீற்றர்?

மேலே பார்க்கவும்.

துணுக்காய், இப்போது பேர்ண்: பெண்களுக்கென்று விற்கும் ஸ்கீயைத்தான் நான் வாங்கவேண்டுமா, மாமா?

கட்டாயமில்லை, பிள்ளை. பலவற்றில் ஆண்களின் ஸ்கீயையே குட்டையான அளவுகளில், சற்று இலகுவாக்கி, வேறு நிறத்தில் தருகிறார்கள். இலகுவானது குறைந்த எடையுள்ளவருக்கு எளிதாக வளையும், கரடான பனியில் அதிரும். உங்கள் எடையையும் வேகத்தையும் பார்த்து எடுங்கள்.

பரந்தன், இப்போது ஸ்ருட்கார்ட்: டைட்டேனியம் கலந்த ஸ்கீ என்று கூடுதல் விலை கேட்கிறார்கள்.

அவர்கள் சொல்வது டைட்டனலாகத்தான் இருக்கும்; பெயர் அப்படியிருந்தாலும் அது அலுமினியக் கலப்புலோகம். வேகமும் எடையும் உள்ள தேர்ச்சியாளருக்கு அது அதிர்வை அடக்கும். நடுத்தரத் தேர்ச்சியாளர் பலருக்கு அது விறைப்பான சுமை.

மாங்குளம்: சித்தப்பா கொள்கலனில் ஒரு சோடி அனுப்பியிருக்கிறார். மணலில் சறுக்கலாமா, அண்ணை?

மணல் பொலியெத்திலீன் அடிப்பாகத்தைச் சுரண்டிவிடும். விளிம்பைத் துடைத்து, எண்ணெய் பூசி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். இல்லாவிடில் மாரி மழை தொடங்கிய கையோடு துருப்பிடிக்கும்.

முள்ளியவளை, இப்போது லுற்சேர்ன்: பழைய சோடி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. எதைப் பார்ப்பது?

இரண்டின் அடிப்பாகங்களையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்து, நடுவில் கையால் அழுத்துங்கள். நடுவே இடைவெளி இருக்கவேண்டிய வகையில், அழுத்துவதற்கு முன்னரே அது இல்லாவிட்டால் ஸ்கீ சோர்ந்துவிட்டது. விளிம்பின் மேல் நகத்தைக் குறுக்காக இழுங்கள். நகத் தூள் உதிர்ந்தால் கூர் உண்டு. விளிம்பு மெலிந்து கம்பிபோல ஆகியிருந்தால் இனித் தீட்ட இரும்பில்லை. பைண்டிங்கை அதன் உற்பத்தியாளர் இன்னும் அங்கீகரிக்கிறாரா என்று கடையில் கேளுங்கள். நடப்பதற்கு ஏற்ற, கிறிப்வோக் எனப்படும் வளைந்த அடியுள்ள பூட்ஸானால் அதற்கும் பொருந்தவேண்டும்.

கேட்டவர் குறிப்பிடவில்லை: ஓல் மவுண்டன் என்றால் கயிறு கட்டிய எல்லைக்கு வெளியேயும் போகலாம்தானே?

இல்லை. அந்தப் பெயர் ஸ்கீயின் வடிவத்தைச் சொல்கிறது. பனிச்சரிவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அடையாளமிட்ட சரிவுக்கு வெளியே போவதானால் புதையுண்டவரைக் கண்டுபிடிக்கும் 457 கிலோஹேர்ட்ஸ் தேடுகருவி, துழாவும் தடி, மண்வாரி ஆகிய மூன்றும், அவற்றைப் பழகிய துணையும் வேண்டும். புதையுண்டவருக்கு முதற் பத்துப் பதினைந்து நிமிடங்களே பெரும்பாலும் உயிர். சுவிஸில் தாவோஸ் பனிச்சரிவு ஆய்வு நிறுவகத்தின் அறிவிப்பையும் நோர்வேயில் வர்சொம் தளத்தையும் அன்றன்று பாருங்கள். அபாயத்தின் ஐந்து படிகளில் மூன்று என்றால் நடுத்தரம்தானே என்று நினைப்பவர்களே அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

வவுனிக்குளம், இப்போது கொப்பன்ஹேகன்: என் உயரம் 168. எத்தனை…

மேலே பார்க்கவும். நாடி, நெற்றி, உச்சந்தலை.

கிளிநொச்சி, இப்போது மொன்றியல்: விழும்போது எந்த விசையில் பூட்ஸை விடுவிப்பது என்று பைண்டிங்கில் வைக்கும் டின் எண்ணை நானே திருகி வைக்கலாமா? என் எடை 78 கிலோ.

எண்ணை நான் சொல்லமாட்டேன். அது எடையோடு உயரம், வயது, சறுக்கும் பாங்கு, பூட்ஸ் அடியின் நீளம் ஆகியவற்றையும் சேர்த்துக் கணிக்கப்படுவது. 50 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்கு அந்த எண் குறைக்கப்படும். தளர்வாக வைத்தால் சரிவின் நடுவே ஸ்கீ கழன்றுவிடும், இறுக்கமாக வைத்தால் விழுகையில் கழலாமல் முழங்காலை முறுக்கும். அடியின் நீளம் பூட்ஸின் குதிப்பக்கத்தில் மில்லிமீற்றரில் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, பூட்ஸையும் ஸ்கீயையும் சேர்த்தே கடையின் வேலைத்தளத்துக்குக் கொண்டு செல்லுங்கள்.