ஆக்டிவிட்டிபப்: பொறுத்திருக்க வேண்டுமா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வெவ்வேறு சமூக வலைத்தளங்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ள உதவும் ஆக்டிவிட்டிபப் தரநிலையை உங்கள் தளத்தில் சேர்த்துப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். எனக்கும் ஒரு சிறு தளம் உண்டு. மாஸ்டடான் என்ற சமூக வலை மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் அங்கிருந்தபடியே என்னைப் பின்தொடரலாம் என்பது ஆசையாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறது என்கிறார்கள். எல்லாம் சீராகும்வரை பொறுத்திருக்கலாமா?

க.

அன்புள்ள க.,

பொறுத்திருக்க வேண்டாம். வலைக்கான தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இதை 2018 ஜனவரியிலேயே பரிந்துரையாக வெளியிட்டுவிட்டது. இன்றும் தொல்லை தருவது அந்த ஆவணம் தொடாமல் விட்ட இடங்கள்தான். செய்து பார்க்கிறவர்களுக்குத்தான் அவை தெரியவரும்.

ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் பெயரில் ஒரு செய்தி இன்னொரு சர்வருக்குப் போகிறது. அனுப்பியது நீங்கள்தான் என்று அது எப்படி நம்பும்? தரநிலை இதற்குக் கட்டாயமான வழி எதையும் வைக்கவில்லை. நடைமுறையில் மாஸ்டடான் எச்டிடிபி கையொப்பம், அதாவது அனுப்பும் கோரிக்கையோடு சேர்த்து வைக்கும் டிஜிட்டல் கையொப்பம், கேட்கிறது. அந்தக் கையொப்ப முறை பல வருடம் வெறும் வரைவாகவே கிடந்தது. 2024இல் ஆர்எஃப்சி 9421 என்ற இணையத் தர ஆவணமாக வந்தபோது வடிவமே மாறியிருந்தது. அதற்குள் பழைய வரைவை வைத்து நிறைய சர்வர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. ஆகவே ஆவணத்தை வரிக்கு வரி பின்பற்றினாலும் உங்கள் செய்தி 401 பிழையோடு, அதாவது அனுப்பியவரை ஏற்க மறுத்து, திரும்பி வரலாம். மனம் தளர வேண்டாம், கையொப்பத்தை முதலில் பாருங்கள்.

சிறிதாகத் தொடங்குங்கள். உங்கள் முகவரியைத் தேடிக் கண்டுபிடிக்க வெப்ஃபிங்கர் பதில் ஒன்று, நீங்கள் யார் என்று சொல்லும் ஜேசன் (ஒரு தரவு வடிவம்) கோப்பு ஒன்று. ஒருவர் மட்டும் எழுதும் தளத்துக்கு இரண்டையும் சாதாரணக் கோப்பாகவே வைத்துவிடலாம். பின்தொடரும் கோரிக்கையை ஏற்றுப் பதில் அனுப்பத்தான் நிரல் வேண்டும். அப்புறம், ஒரே மென்பொருளோடு சோதித்து நிறுத்திவிடாதீர்கள். மாஸ்டடானில் ஓடுவது மட்டும் போதும் என்று எல்லோரும் இருந்துவிட்டால், அந்த ஒரு மென்பொருளின் பழக்கமே தரநிலையாகிவிடும். எனக்கு இதில் உண்மையான கவலை உண்டு.

உங்கள் அடையாளமாக எந்த இணைய முகவரியைக் கொடுக்கிறீர்கள் என்பதை மட்டும் நிதானமாக முடிவு செய்யுங்கள். மற்ற சர்வர்கள் அதைத்தான் சேமித்து வைக்கும். பிறகு டொமைனை மாற்றினால் பின்தொடர்பவர்களை இழக்க நேரிடலாம். அதே போல, நீங்கள் ஒரு பதிவை நீக்கினால் மற்ற சர்வர்களுக்குப் போவது ஒரு கோரிக்கைதான். எல்லாரும் அதை மதிப்பார்கள் என்று எண்ணி எதையும் எழுத வேண்டாம்.

ஏதாவது முரண்பட்டால் குறித்து வையுங்கள். இப்படி இணைந்த தளங்களின் கூட்டு வலையைத்தான் ஃபெடிவர்ஸ் என்கிறார்கள். ஃபெடிவர்ஸ் மேம்பாட்டு முன்மொழிவுகள் என்ற பெயரில் இப்படிப்பட்ட இடைவெளிகளை நிரப்பும் வேலை பொதுவில் நடக்கிறது. உங்கள் குறிப்பு அங்கே பயன்படும்.