ஒட்டியது ஒரு பேட்ச், பில் மட்டும் மூன்றா?

தம்பி, லீவுக்குக் கோத்தகிரி வந்திருக்கிறேன், டானிங்டனில் உன் அப்பாவைப் பார்த்தபோதே விஷயம் காதில் விழுந்துவிட்டது. நீ கேட்டிருப்பதும் அதேதான்: அமெரிக்காவில் படபடப்புக்காக டாக்டரைப் பார்த்தது ஒரு தடவை, இதயத் துடிப்பைப் பதிவு செய்ய 14 நாளுக்கென்று நெஞ்சில் ஒட்டிய பேட்ச் அஞ்சாம் நாளே வேர்வையில் கழன்றுவிட்டது, ஆனால் பில் மூன்று இடத்திலிருந்து வருகிறது, கட்டலாமா என்று. இப்போதைக்குக் கட்டாதே.

நம்ம ஊரில் படபடப்பு என்றால் குன்னூரிலோ ஊட்டியிலோ ஈசிஜி எடுத்துவிட்டு, மலை இறங்கிக் கோயம்புத்தூர் போய் ஹோல்டர் (இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் சின்னக் கருவி) மாட்டிக்கொள்வோம், கவுண்டரில் பணம் கட்டி ரசீது வாங்கினால் முடிந்தது. அமெரிக்காவில் இந்தச் சோதனையை மூன்றாகப் பிரித்து பில் போடலாம், அது ஏமாற்று வேலை இல்லை. முடியை மழித்து, தோலைத் தேய்த்து ஒட்டிவிட்டார்களே, அதற்கு 93246 என்ற கோடு (code), அதாவது எந்த வேலைக்கு என்று பில்லில் போடும் எண். தபாலில் நீ திருப்பி அனுப்பிய பேட்ச்சில் பதிவானதை அலசி அறிக்கை தருவது வேறொரு கம்பெனி, அதற்கு 93247. அதைப் படித்துக் கையெழுத்துப் போடும் டாக்டருக்கு 93248. இது மூன்றோடு 93245-உம் எங்காவது தென்பட்டால் உடனே போன் போடு, அது மூன்றையும் சேர்த்த கோடு.

ஆனால் இதெல்லாம் 7 நாளுக்கு மேல் 15 நாள் வரை பதிவானவர்களுக்கு. உன் கதை அஞ்சு நாளில் முடிந்துவிட்டது. 48 மணி நேரத்துக்கு மேல் 7 நாள் வரை என்றால் 93242, 93243, 93244 என்றுதான் வர வேண்டும். எத்தனை மணி நேரம் பதிவானது என்று ரிப்போர்ட்டிலேயே இருக்கும், அதையும் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்.

அப்புறம் இன்சூரன்ஸ்காரர்கள் அனுப்பும் ஈஓபி (EOB), அவர்கள் எவ்வளவு கொடுத்தார்கள், உன் பங்கு எவ்வளவு என்று காட்டும் காகிதம். 'இது பில் அல்ல' என்று போட்டிருப்பதால் பாதிப்பேர் பிரிக்காமலேயே தூக்கிப் போடுகிறார்கள், என்னைக் கேட்டால் அதுதான் முக்கியமான காகிதம். நீ கட்ட வேண்டியது என்று அதில் இருக்கும் தொகைக்கு மேல் பில்லில் இருந்தால் ஏன் என்று கேள். டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் வருஷத்துக்கு நீயே கட்ட வேண்டிய தொகை, இன்னும் முடியவில்லை என்றால் இன்சூரன்ஸ் பேசி வைத்த ஒப்பந்த விலை முழுக்க உன் தலையில்தான், எரிச்சலாக இருக்கும், ஆனால் அது நியாயமான பில்.

டாக்டர் உன் இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ளவர்களின் பட்டியலில், அதாவது நெட்வொர்க்கில், இருந்தும் அலசும் கம்பெனி வெளியே இருப்பது சகஜம். அப்படியானால் ஒட்டிய இடம் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவா, டாக்டரின் தனி கிளினிக்கா என்று விசாரி. நெட்வொர்க்குக்கு வெளியே இருப்பவர்கள் போடும் கூடுதல் பில்லைத் தடுக்க 2022-இல் அமலுக்கு வந்த திடீர் பில் தடைச் சட்டம் (No Surprises Act) முதலாவதற்குக் கைகொடுக்கும், தனி கிளினிக்குக்குப் பெரும்பாலும் கொடுக்காது.

ஒரு நாள் ஹோல்டரே போதும், இவ்வளவு நாள் தேவையில்லை என்று இன்சூரன்ஸ் மறுத்திருந்தால், அந்தக் கடிதம் கிடைத்து 180 நாளுக்குள் அப்பீல் போடலாம். படபடப்பு எப்போதாவதுதான் வருகிறது, 48 மணி நேரத்தில் சிக்காது என்று டாக்டரிடம் எழுதி வாங்கி இணைத்துவிடு. முடிவு வரும்வரை கணக்கை நிறுத்தி வைக்கும்படி மூன்று பில் ஆபீசிலும் சொல், இல்லாவிட்டால் ஏதோ ஒன்று வசூல் கம்பெனிக்குப் போய்விடும்.