கடைசி ஆட்டத்துக்கு எதிரணிப் பக்கத்தில் இரண்டு டிக்கெட்

கேள்வி: சிறுவனாக யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்த காலம் தொட்டு எங்கள் பகுதிக் கால்பந்துக் கிளப்பின் ரசிகன் நான். இங்கிலாந்துக் கால்பந்தின் நான்காம் அடுக்கான லீக் டூவில் ஆடுகிறது, இப்போது மூன்றாம் இடம். சீசனின் கடைசி ஆட்டம் வடக்கே, வெளியூரில். வென்றால் நேரே அடுத்த மேலடுக்கான லீக் ஒன். தோற்றால் பிளேஆஃப்தான், அதாவது நான்காம் இடம் முதல் ஏழாம் இடம் வரை உள்ளவர்கள் மிச்சமுள்ள ஒரே இடத்துக்கு மோதும் ஆட்டங்கள். சனிக்கிழமைகளில் கடை வேலை என்பதால் வெளியூர் ஆட்டங்களுக்கு அதிகம் போனதில்லை. அதனால் அப்படிப் போகிறவர்களுக்குக் கிளப் தரும் லாயல்டி பாயிண்ட் இல்லை, எங்கள் ரசிகர்களுக்கான பகுதியில் டிக்கெட்டும் கிடைக்கவில்லை. அந்த ஊர் நண்பர் ஒருவர், அவர்களுடைய பகுதியில் தன் பெயரில் இரண்டு டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்கிறார். பதினான்கு வயது மகனையும் கூட்டிப் போக ஆசை. ஆனால் கோல் விழுந்தால் அவன் வாயைக் கட்ட முடியாது. இன்னொரு சிக்கல்: அதே நாள் ஹாரோவில் என் மனைவியின் அண்ணன் மகளுக்குச் சாமத்திய வீடு, பூப்புனித நீராட்டு விழா. மனைவி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போகலாமா?
- பெயர் வேண்டாம், தென்மேற்கு லண்டன்

பதில்: அந்த நண்பரின் டிக்கெட்டில் போகாதீர்கள். மச்சானிடம் பேசிச் சமாளிக்கலாம், கடைக்கு ஆள் போடலாம். இந்த டிக்கெட்டை மட்டும் எப்படிப் பார்த்தாலும் சரிக்கட்ட முடியாது.

2013 ஏப்ரல் 27 அன்று உங்கள் லண்டனிலேயே நடந்ததை நினைத்துப் பாருங்கள். லீக் ஒன்னின் கடைசி நாள். பிரென்ட்ஃபோர்டின் பழைய மைதானமான கிரிஃபின் பார்க்குக்கு டொன்காஸ்டர் ரோவர்ஸ் வந்திருந்தது. டொன்காஸ்டருக்கு டிரா போதும், மேலே போய்விடும். பிரென்ட்ஃபோர்டு வென்றே ஆகவேண்டும். தொண்ணூறு நிமிடம் முடிந்து கூடுதல் நேரமும் ஓடுகிறது, இன்னும் ஒரு கோலும் இல்லை. அப்போது பிரென்ட்ஃபோர்டுக்கு ஒரு பெனால்டி. அதை அடிக்க வேண்டியவர் கெவின் ஓ'கானர். ஆனால் வேறு கிளப்பிலிருந்து இரவல் வீரராக வந்திருந்த இளைஞர் மார்செல்லோ ட்ரொட்டா பந்தைக் கொடுக்க மறுத்துத் தானே அடித்தார். பந்து மேல்கம்பத்தில் இடித்துத் திரும்பியது. அதை எடுத்துக்கொண்டு டொன்காஸ்டர்காரர்கள் மறுமுனைக்கு ஓடினார்கள். ஜேம்ஸ் காப்பிங்கர் கோல் போட்டார். ஒரு நிமிடத்துக்கு முன் பிளேஆஃபுக்குப் போகவிருந்த அணி, டிவிஷன் சாம்பியனாக ஊர் திரும்பியது.

அன்று ஒரு டொன்காஸ்டர் ரசிகர் உங்களைப் போல மகனோடு பிரென்ட்ஃபோர்டுக்காரர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெனால்டி கிடைத்ததும் சுற்றிலும் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள், இவரும் கைதட்ட வேண்டும். பந்து கம்பத்தில் பட்டதும் முகத்தைத் தொங்கப்போட வேண்டும். அடுத்த மூச்சில், வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கிற கோல். கத்தினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கத்தாமல் கல்லாக உட்கார்ந்திருந்தால், அவ்வளவு தூரம் எதற்குப் போனார்?

உங்கள் மகன் கத்துவான். கத்தட்டும், அதற்குத்தானே கூட்டிப் போகிறீர்கள். கத்த முடிகிற இடத்துக்குக் கூட்டிப் போங்கள்.

லீக் டூ மைதானங்களில் எந்நேரமும் அடிதடி என்று நான் பயமுறுத்தவில்லை. குடும்பத்தோடு வருகிற சாதாரண ஊர்மக்கள்தான் அதிகம். ஆனால் இப்படியொரு நாளில், மதியத்திலிருந்தே குடித்துவிட்டு வந்த ஒரே ஒரு ஆள் உங்கள் பின்வரிசையில் இருந்தால் போதும். எதிரணி ரசிகர் என்று தெரிந்தால் வெளியேற்ற மைதான விதிகளிலேயே இடம் இருக்கிறது. மைதானக் காவலர்களான ஸ்டீவர்டுகள் பெரும்பாலும் உங்கள் நல்லதுக்காகவே வந்து எழுப்புவார்கள். அப்புறம் மிச்ச ஆட்டம் தெருவில்தான். உள்ளே இருந்து வரும் சத்தத்தை வைத்து யார் கோல் போட்டார்கள் என்று அப்பாவும் மகனும் ஊகித்துக்கொண்டு நிற்கலாம்.

நண்பரையும் கொஞ்சம் யோசியுங்கள். இங்கிலாந்தில் கால்பந்து டிக்கெட்டை அனுமதியில்லாமல் விற்பது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். லாபம் வைக்கவில்லை, வாங்கிய விலைக்கே கொடுத்தேன் என்பது அதற்குப் பதிலாகாது. முக்கியமான ஆட்டங்களுக்குக் கிளப்கள் ஏற்கெனவே தங்களிடம் டிக்கெட் வாங்கிய பதிவு உள்ளவர்களுக்குத்தான் விற்பார்கள். இருக்கையில் இருந்து நீங்கள் எழுப்பப்பட்டால், கணினியில் வருவது அவர் பெயர். அடுத்த சீசனில் அவருடைய டிக்கெட்டுக்கே வேட்டு.

உங்கள் கடிதத்தில் ஒரு மனக்குறையும் தெரிகிறது. இத்தனை வருட ரசிகனுக்கு டிக்கெட் இல்லை, நேற்று வந்தவனுக்கு இருக்கிறதே என்று. கணக்கைப் பாருங்கள். வெளியூர் அணிக்கு 2,000 டிக்கெட், மைதானம் 20,000 பேருக்குக் குறைவானது என்றால் கொள்ளளவில் 10 சதவீதம், அதுதான் லீக் விதி. லீக் டூ மைதானங்கள் பல சின்னவை. 6,000 பேர் கொள்ளுகிற இடத்தில் உங்கள் ஊருக்கு 600. அதை, செவ்வாய்க்கிழமை இரவு மழையில் போய் நின்று மூன்று கோல் வாங்கித் தோற்றதைப் பார்த்துவிட்டு நடுராத்திரியில் வீடு திரும்பியவர்களுக்கு முதலில் கொடுக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு அநியாயமும் தெரியவில்லை. உங்கள் பாசம் குறைந்தது என்று யாரும் சொல்லவில்லை. பாசத்தை அளக்க அவர்களிடம் கருவி இல்லை, பயணத்தை எண்ணத்தான் முடியும்.

ஆனால் கதவு இன்னும் மூடவில்லை. கடைசி வாரத்தில் டிக்கெட் திரும்பி வரும். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு வேலை, ஒருவருக்கு உங்களைப் போலவே வீட்டு விசேஷம். ஆட்டம் நடக்கும் ஊர்க் கிளப்புக்குத் தன் பகுதி நிரம்பாது என்று தெரிந்தால், போலீஸ் சம்மதித்தால், பக்கத்துத் தொகுதியையும் விருந்தினருக்குத் திறந்துவிடுவதுண்டு. உங்கள் கிளப்பின் டிக்கெட் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போடாதீர்கள், நேரே போய் நில்லுங்கள், அல்லது காலையில் திறந்தவுடன் போன் செய்யுங்கள். ரசிகர் சங்கத்தின் கோச், அதாவது பயணப் பேருந்து, ஏற்பாடு செய்பவரிடமும் சொல்லி வையுங்கள். யார் வரவில்லை என்பது அலுவலகத்துக்கு முன் அவருக்குத்தான் தெரியும். வராதவரின் டிக்கெட்டை கிளப் வழியாகவே உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். சமூக வலைத்தளத்தில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பிக் காசு கேட்பவர்கள் பக்கமே போகாதீர்கள். ஒரே கியூஆர் குறியீட்டைப் பத்துப் பேருக்கு விற்றிருப்பார்கள்.

டிக்கெட் கிடைத்துவிட்டால், ரயிலைவிட ரசிகர் கோச்சில் போவதையே நான் சொல்வேன். முதல் முறையாக வெளியூர் போகிற பையனுக்கு ஆட்டத்தில் பாதி அந்தப் பேருந்துக்குள்தான் நடக்கும். பாட்டெல்லாம் அங்கேயே கற்றுக்கொள்வான். வாசலுக்குப் பக்கத்தில் இறக்கி, முடிந்ததும் அங்கிருந்தே ஏற்றிக்கொள்வார்கள். தெரியாத ஊரில் யார் பப், எந்தத் தெரு என்று பயந்து நடக்க வேண்டியதில்லை. கோச்சில் பீர் கூடாது, 1985ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஆடுகளம் தெரிகிற இடத்தில் குடிக்கவும் கூடாது. மகனோடு போகிற உங்களுக்கு அது நல்லதுதான்.

கோச் நிரம்பிவிட்டால் ரயில். ஃபேமிலி அண்ட் ஃபிரெண்ட்ஸ் ரயில்கார்டு எடுத்தால் உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் பையனுக்கு 60 சதவீதமும் கட்டணம் குறையும். திரும்பி வருவதற்கு மலிவான அட்வான்ஸ் டிக்கெட் எடுக்க வேண்டாம். அது அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். மேலே போய்விட்டால் வீரர்கள் உங்கள் மூலைக்கு வந்து ஆடிப்பாடி முடிக்க நேரமாகும், கடிகாரம் பார்த்துக்கொண்டு நிற்கிற நாளா அது? மே மாத முதல் திங்கள் விடுமுறையை ஒட்டிய சனி ஞாயிறுகளில் தண்டவாள வேலை என்று ரயிலை நிறுத்திப் பஸ்ஸில் ஏற்றிவிடுவது வழக்கம் என்பதால், உங்கள் தடத்தையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

அந்தப் பகுதியில் தொண்ணூறு நிமிடமும் நின்றுகொண்டுதான் பார்ப்பார்கள். உயரமானவருக்குப் பின்னால் பையன் மாட்டிக்கொள்ளாமல் சீக்கிரம் போய் முன்வரிசையைப் பிடியுங்கள். கடைசி நாளில் டிவிஷனின் எல்லா ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கும். உலகக் கோப்பையில் அந்த வழக்கம் வந்ததற்குக் காரணம், 1982இல் ஸ்பெயினின் ஹிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஆடிய கேவலமான ஆட்டம். அதே பிரிவில் இருந்த அல்ஜீரியா முந்தைய நாளே ஆடி முடித்திருந்ததால், 1-0 என்றால் இருவருமே அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்று தெரிந்துகொண்டு, ஒரு கோலுக்குப் பிறகு பந்தைச் சும்மா தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே நேரத்தில் ஆடுவதால் உங்களுக்கு வரும் தொல்லை வேறு. ‘அங்கே அவர்கள் கோல் வாங்கிவிட்டார்களாம்’ என்று யாரோ ஒருவர் கிளப்பிவிட, 600 பேரும் கத்துவார்கள், ஒரு நிமிடத்தில் பொய் என்று தெரியும். கூட்டத்தில் போன் சிக்னலும் இருக்காது. அதுவும் ஒரு சுகம்தான், அனுபவியுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஆட்டம் முடிந்ததும் எத்தனை பேர் மைதானத்துக்குள் ஓடினாலும் பையன் கையை விடாதீர்கள். ஆடுகளத்தில் கால் வைப்பதே 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2022 மே மாதம் நாட்டிங்ஹாமில் பிளேஆஃப் அரையிறுதி முடிந்து கூட்டம் உள்ளே பாய்ந்தபோது, ஷெஃபீல்டு யுனைடெட் வீரர் பில்லி ஷார்ப்பை ஒருவர் ஓடிவந்து முட்டிச் சாய்த்தார், சிறைக்கும் போனார். அதற்குப் பிறகு ஆடுகளத்தில் இறங்கினாலோ, புகைக்குண்டு கொளுத்தினாலோ தானாகவே கிளப் தடை, அந்தக் கிளப்பின் ஆட்டங்களுக்குப் போக முடியாது. பிள்ளைகள் செய்தால் கூட வந்த பெற்றோருக்கும் அந்தத் தடை வரலாம்.

இனி ஹாரோ. நீங்கள் பெண்ணின் தாய்மாமனாக இருந்திருந்தால் இந்தப் பதிலை ஒரே வரியில் முடித்திருப்பேன்: போகக்கூடாது. அந்த முறைக்கு மாற்று ஆள் கிடையாது. நீங்கள் மாமியின் கணவர். மண்டபத்தில் உங்களுக்கென்று குறித்த காரியம் ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் மனைவிக்கு இருக்கிறது. அவர் பட்டுடுத்தி ஆலாத்தித் தட்டோடு நிற்கும்போது, வருகிற ஒவ்வொருவரும் ‘எங்கே அவர், எங்கே மகன்?’ என்று கேட்பார்கள். பதில் சொல்லப்போவது அவர்தான். கோபம் பந்தின் மேல் இல்லை, இதன் மேல்தான்.

அதனால் மனைவியைத் தூது விடாமல் மச்சானிடம் நீங்களே பேசுங்கள். டிக்கெட் கைக்கு வந்தபிறகு அல்ல, அதற்கு முன்னால். கடையில் ஆளில்லை என்று கதை கட்ட வேண்டாம். ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்டினால் உங்கள் முகமே சாட்சி சொல்லிவிடும். ‘மச்சான், பந்து விளையாட்டுக்குத்தான் போகிறேன், மகனுக்கு இது முதல் தடவை’ என்று சொல்லிவிட்டு, வெள்ளி மாலை போய் மண்டபத்து வேலைக்குக் கை கொடுங்கள். அவர் ‘போய்ட்டு வா’ என்று மனதாரச் சொன்னால் போங்கள். முகம் சுண்டினால் போகாதீர்கள். மனைவியிடம் அதற்கு மேல் வாதம் செய்யவும் வேண்டாம்.

வியாழன் மாலை வரை கெடு வையுங்கள். அதற்குள் உங்கள் பகுதியில் டிக்கெட் வரவில்லை என்றால் வேட்டியைத் தேய்த்து வைத்துவிட்டு ஹாரோவுக்குப் போங்கள். மண்டபத்தில் ஸ்கோர் பார்க்கிற ஆள் நீங்கள் ஒருவராக மட்டும் இருக்க மாட்டீர்கள்.

தோற்றுவிட்டால்கூட உங்களைப் போன்றவருக்கு வழி இருக்கிறது. நான்காம் இடத்தில் முடித்தால் ஏழாம் இட அணியோடு பிளேஆஃப் அரையிறுதி, இரண்டாவது ஆட்டம் உங்கள் சொந்த மைதானத்தில். அங்கே வெளியூர்ப் பயணக் கணக்கை யாரும் கேட்கப்போவதில்லை. இறுதி ஆட்டம் வெம்ப்ளியில். 90,000 இருக்கை உள்ள இடம், ஒவ்வொரு கிளப்புக்கும் ஆயிரக்கணக்கில் டிக்கெட் வரும், லீக் டூ கிளப்கள் அதை விற்று முடிக்கவே சிரமப்படும். சீசன் டிக்கெட்காரர்களுக்குப் பிறகு, முன்பு வாங்கிய பதிவு உள்ளவர்களுக்குத் திறப்பார்கள். உங்கள் கணக்கில் முகவரியும் மகன் பெயரும் சரியாக இருக்கின்றனவா என்று இப்போதே பார்த்து வையுங்கள்.