கனடா நிரந்தர வசிப்புரிமை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

திறன்மிகு பணியாளராகக் கனடாவில் குடியேற விரும்பும் வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஆறு இவ்விதழில் இடம்பெறுகின்றன. பெயர்களை விலக்கி ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம். முகவர்களின் விளம்பரப் பலகைகளில் 'நிரந்தரக் குடியுரிமை' என்று எழுதி எழுதியே அச்சொல் கடிதங்களிலும் புகுந்துவிட்டது. பிஆர் எனப்படும் நிரந்தர வசிப்புரிமை குடியுரிமை அன்று. அதைப் பெற்றவர் இந்தியக் கடவுச்சீட்டுடன் இந்தியக் குடிமகனாகவே இருப்பார். கனடாத் தேர்தலில் வாக்களிக்க முடியாது. எந்த 5 ஆண்டுகளை எடுத்தாலும் 730 நாட்களாவது அங்கே வசித்திருக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது 29, திருமணமாகவில்லை. பி.இ. முடித்து 4 ஆண்டுகளாக மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் ஆங்கிலத் தேர்வில் கேட்டல் 8, வாசித்தல் 7.5, எழுதுதல் 6.5, பேசுதல் 7 பெற்றேன். 67 மதிப்பெண் தேவைப்படும் இடத்தில் எனக்கு 69 இருப்பதால் ஆறு மாதத்தில் விசா உறுதி என்கிறார் முகவர். நம்பலாமா?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 69 என்ற கணக்கு சரி. மொழிக்கு 23, பட்டத்துக்கு 21, அனுபவத்துக்கு 13, வயதுக்கு 12. ஆனால் அந்த 67 கூட்டாட்சித் திறன்மிகு பணியாளர் திட்டத்தில் நுழைவதற்கான தகுதி மட்டுமே. பிளஸ் டூவில் தேர்ச்சி பெறுவது வேறு, பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் எட்டுவது வேறு என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே கட்-ஆஃபைத் தீர்மானிப்பது 1,200-க்குக் கணக்கிடப்படும் சிஆர்எஸ் என்னும் தரவரிசை மதிப்பெண். 2015 ஜனவரியில் தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் உங்கள் சுயவிவரம் ஒரு தொகுப்பில் ஓராண்டு வரை இருக்கும். அவ்வப்போது நடக்கும் சுற்றுகளில் மேலே இருப்பவர்களுக்கு மட்டும் விண்ணப்பிக்க அழைப்பு வரும். முகவர் சொல்லும் ஆறு மாதம், அழைப்பு வந்து முழு விண்ணப்பத்தையும் சமர்ப்பித்த பிறகு ஓடும் காலம்.

உங்கள் சிஆர்எஸ் கணக்கைப் பார்ப்போம். வயதுக்கு 110, பட்டத்துக்கு 120, மொழிக்கு 116. மொழியையும் படிப்பையும் சேர்த்துப் பார்த்துத் தரப்படும் 13, மொழியையும் அனுபவத்தையும் சேர்த்துத் தரப்படும் 25. ஆக மொத்தம் 384. எழுதுதலில் அரை மதிப்பெண் கூடி 7 ஆகியிருந்தால் என்ன ஆகும்? மொழி 124 ஆகும். நான்கு திறன்களும் கனடாவின் மொழித்திறன் அளவுகோலான சிஎல்பி-யில் 9 என்ற நிலையைத் தொட்டுவிடுவதால் 13 என்பது 25 ஆகும், 25 என்பது 50 ஆகும். மொத்தம் 429. ஒரே ஒரு பாடத்தின் அரைப் புள்ளிக்கு 45 மதிப்பெண் கைமாறுகிறது. ஆகவே முகவருக்குத் தர வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியை எழுத்துப் பயிற்சிக்கும் மறுதேர்வுக்கும் செலவிடுங்கள். 30 வயது முடிந்ததும் வயதுக்கான மதிப்பெண் 105 ஆகும், 31-இல் 99. எனவே மறுதேர்வைத் தள்ளிப்போட வேண்டாம்.

429 போதுமா என்றால், அதுவும் பொதுவாகப் போதாது. 2025-இல் கனடாவில் ஏற்கெனவே வேலை செய்தவர்களுக்கான சுற்றுகளிலேயே கட்-ஆஃப் 500-க்கு மேல்தான் நின்றது. ஒரு மாகாணத்தின் பரிந்துரை கிடைத்தால் 600 மதிப்பெண் ஒரேயடியாகச் சேரும். குறிப்பிட்ட தொழில்களுக்கும் பிரெஞ்சு மொழி அறிந்தவர்களுக்கும் 2023 முதல் தனிச் சுற்றுகள் நடக்கின்றன. இந்த வழிகளில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று பார்க்காமல் 'உறுதி' என்று சொல்பவர் உங்களுக்காகப் பேசவில்லை.

கேள்வி: நான் செவிலியர். பள்ளிச் சான்றிதழில் தந்தையின் பெயர் முதலெழுத்தாக மட்டும் உள்ளது. கடவுச்சீட்டில் அது குடும்பப் பெயராக விரிந்திருக்கிறது. திருமணத்துக்குப் பின் சில ஆவணங்களில் கணவர் பெயர் சேர்ந்துவிட்டது. நான் சவூதியில் மூன்றாண்டுகள் வேலை செய்தேன். இவற்றால் சிக்கல் வருமா?
வாசகி, நாகர்கோவில்

பதில்: இனிஷியல் என்பது நமக்கு இயல்பு; கனடா அதிகாரிக்கு அது புதிர். ஒரே பெண் மூன்று பெயர்களில் வருவதாகவே அவர் கண்ணுக்குப் படும். எல்லாவற்றுக்கும் கடவுச்சீட்டையே அடிப்படையாகக் கொள்ளுங்கள். ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்கும், நம் படிப்பு கனடாவின் எந்தப் படிப்புக்கு இணை என்று பார்க்கும் கல்விச் சான்று மதிப்பீட்டுக்கும், விண்ணப்பத்துக்கும் அதில் உள்ள எழுத்துக்கு எழுத்து அதே பெயரைக் கொடுங்கள். வேறு பெயர்களில் அறியப்பட்டதுண்டா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுதி, இனிஷியலுடன் உள்ள பெயரையும் கணவர் பெயருடன் உள்ளதையும் தவறாமல் குறிப்பிடுங்கள். இவை அனைத்தும் ஒரே நபரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரி முன் எழுதி, திருமணச் சான்றுடன் இணையுங்கள். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடமே வெறுமையாக இருக்கும் வாசகர்களுக்கும் ஒரு குறிப்பு: உங்கள் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி, மற்றக் கட்டத்தைக் காலியாக விடுவதே கனடா குடிவரவுத் துறையின் முறை.

சவூதியைப் பொறுத்தவரை, கடந்த 10 ஆண்டுகளில் தொடர்ந்து 6 மாதங்களோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் போலீஸ் சான்று வேண்டும். அழைப்பு வந்தபின் கிடைப்பது 60 நாட்களே. 2025 ஆகஸ்ட் 21 முதல் மருத்துவப் பரிசோதனையையும் விண்ணப்பிக்கும் முன்பே முடித்தாக வேண்டும். வெளிநாட்டுச் சான்றுக்கான வேலையை இப்போதே தொடங்குங்கள். கல்விச் சான்று மதிப்பீடு குடியேற்றத்துக்கு மட்டுமே பயன்படும். செவிலியராகப் பணிபுரிய அந்தந்த மாகாணத்தின் உரிமத்தைத் தனியாகப் பெற வேண்டும்.

கேள்வி: என் முன்னாள் நிறுவனம் பணி விடுவிப்புக் கடிதம் மட்டுமே தருகிறது. என்ன வேலை செய்தேன் என்று எழுதித் தரும் வழக்கம் இல்லை என்கிறார்கள். நியமன ஆணையில் பதவி 'எக்ஸிகியூட்டிவ்' என்றே உள்ளது.
வாசகர், திருப்பூர்

பதில்: வந்த கடிதங்களில் இந்தக் குறையைச் சொல்பவையே அதிகம். எனக்கும் நேர்ந்தது இதுவே. நான் விண்ணப்பித்தபோது பழைய அலுவலகம் தந்த கடிதத்தில், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பணிபுரிந்தார், நன்னடத்தை உடையவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம் என்று மூன்று வரிகள் இருந்தன. வாழ்த்துக்கு மதிப்பெண் இல்லை.

அதிகாரி தேடுவது வேறு. நிறுவனத்தின் முகவரியும் தொலைபேசியும் கொண்ட கடிதத்தாளில், நீங்கள் வகித்த பதவி, தொடங்கிய நாள், முடிந்த நாள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளம், செய்த வேலைகள் ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். கையொப்பமிட்டவரின் பெயரும் பதவியும் தெரிய வேண்டும். வாரத்துக்கு 30 மணி நேரம் வீதம் தொடர்ந்து ஓராண்டு, அதாவது 1,560 மணி நேரம், கடந்த 10 ஆண்டுகளுக்குள் இருந்தால்தான் தகுதியே கிடைக்கும் என்பதால் 'முழு நேரம்' என்று மட்டும் எழுதிய கடிதம் அரைகுறையாகவே கருதப்படும். கனடாவின் தொழில் வகைப்பாட்டில் ஒவ்வொரு தொழிலுக்கும் எண்ணும் பணி விவரமும் உண்டு. எந்த எண்ணின் கீழ் விண்ணப்பிக்கிறீர்கள் என்பதைப் பதவியின் பெயர் தீர்மானிப்பதில்லை. காலை முதல் மாலை வரை உண்மையில் செய்த வேலைதான் தீர்மானிக்கும். 'எக்ஸிகியூட்டிவ்' என்ற சொல் எதையும் சொல்லாது. வெளிநாட்டு வாங்குநரிடம் ஆர்டர் பேசியது, மாதிரித் துணிக்கு ஒப்புதல் வாங்கியது, ஏற்றுமதித் தேதியைக் கண்காணித்தது என்று எழுதினால்தான் படம் தெளியும். வகைப்பாட்டில் உள்ள வரிகளை அப்படியே பெயர்த்து எழுதிவிடாதீர்கள். அதே வரிகளை ஆயிரம் கோப்புகளில் பார்த்த அதிகாரிக்குச் சந்தேகம் வரும்.

நிறுவனம் மறுத்தால், மறுத்த மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் மேலாளரோ, வேலையை நேரில் அறிந்த மூத்த சகப் பணியாளரோ இவ்விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாக எழுதித் தரலாம். அதனுடன் சம்பளச் சீட்டுகள், படிவம் 16, சம்பளம் வரவான வங்கிக் கணக்குப் பட்டியல், நியமன ஆணை, விடுவிப்புக் கடிதம் ஆகியவற்றை வைத்து, முழுக் கடிதம் ஏன் கிடைக்கவில்லை என்று ஒரு பக்கத்தில் விளக்குங்கள்.

கேள்வி: நாங்கள் கணவன், மனைவி, இரு குழந்தைகள். அங்கே குடியமரக் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டிய பணத்துக்கு நிலம், நகை போதுமா? மாமா தற்காலிகமாகப் பணம் போடுவதாகச் சொல்கிறார். சீட்டு எடுக்கவும் வாய்ப்புள்ளது.
வாசகி, தஞ்சாவூர்

பதில்: 2025 ஜூலையில் அறிவித்த அளவின்படி நால்வர் குடும்பத்துக்கு 28,362 கனடா டாலர் வேண்டும், தனி ஒருவருக்கு 15,263. இத்தொகை ஆண்டுதோறும் மாறும். குழந்தைகள் உடன் வராவிட்டாலும் குடும்ப எண்ணிக்கையில் சேர்வார்கள். நஞ்சை எத்தனை ஏக்கர் இருந்தாலும் கணக்கில் வராது. நகையும் அப்படியே, விற்று ரசீதுடன் வங்கியில் போட்டால் வரும், அடகு வைத்தால் கடன். மாமா திரும்பக் கேட்கப் போகும் பணம் கடனே, அதைச் சொந்தப் பணமாகக் காட்டுவது பொய்யாகிவிடும். அவர் உண்மையிலேயே தருவதானால், திரும்பக் கேட்கமாட்டேன் என்று அன்பளிப்புக் கடிதம் எழுதி, அவர் கணக்கிலிருந்து நேரடியாக மாற்றட்டும். சீட்டை முன்னதாக எடுத்தால் மீதித் தவணைகள் உங்கள் தலையில் நிற்கின்றன என்பதால் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

வங்கியில் கேட்டால் இன்றைய இருப்பை மட்டும் எழுதிய சான்றைக் கையில் கொடுப்பார்கள். அது போதாது. கணக்கு எண், தொடங்கிய தேதி, இன்றைய இருப்பு, கடந்த 6 மாதங்களின் சராசரி இருப்பு, நிலுவையில் உள்ள கடன்கள் அனைத்தும் வங்கியின் கடிதத்தாளில் இருக்க வேண்டும். இவற்றை நீங்களே ஒரு தாளில் தட்டச்சு செய்து கிளை மேலாளரிடம் கொண்டுபோவது நல்லது. இரண்டு முறை அலைவது மிச்சமாகும்.

கேள்வி: சுயவிவரம் பதிந்தபின் எனக்குத் திருமணம் நிச்சயமாகி, தை மாதத்தில் நடக்க உள்ளது. மனைவியைச் சேர்த்தால் மதிப்பெண் குறையும் என்பதால், பிஆர் வந்தபின் அழைத்துக்கொள்ளலாம், இப்போது சொல்ல வேண்டாம் என்கிறார் முகவர்.
வாசகர், மதுரை

பதில்: அந்த ஆலோசனையை எழுத்தில் கேளுங்கள், தரமாட்டார். திருமணமானதை மறைத்தால் கனடா குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி 5 ஆண்டுகள் நுழையவே தடை வரலாம். பிஆர் கிடைத்துவிட்டாலும் ஆபத்து நீங்காது. விண்ணப்பத்தின்போது தெரிவிக்காத, பரிசோதிக்கப்படாத துணையைப் பின்னர் குடும்ப வகுப்பில் அழைத்துக்கொள்ள விதிகளின் 117(9)(ஈ) பிரிவு தடுக்கிறது. மறைத்தவரைவிட, ஊரில் காத்திருக்கும் பெண்ணுக்குத்தான் அதன் தண்டனை அதிகம்.

திருமணம் முடிந்ததும் சுயவிவரத்தைத் திருத்துங்கள். விண்ணப்பம் போன பின்பு நடந்தால் உடனே குடிவரவுத் துறைக்கு இணையவழிப் படிவத்தில் தெரிவியுங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம் என்பதால், மண்டபத்து ரசீதோடு நின்றுவிடாமல் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிந்துவிடுங்கள். மதிப்பெண் குறைவது உண்மைதான். ஆனால் மனைவி பட்டதாரியாக இருந்து, ஐஇஎல்டிஎஸ் எழுதினால் அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். அவரது மதிப்பெண் உங்களுடையதை விடக் கூடுமானால், அவரையே முதன்மை விண்ணப்பதாரராக வைப்பதில் தவறில்லை.

கேள்வி: முகவர் 4 லட்சம் ரூபாய் கேட்கிறார். கனடாவில் வேலை உத்தரவும் வாங்கித் தருவதாகவும் அதற்கு 50 மதிப்பெண் கூடும் என்றும் சொல்கிறார். எனக்கு வயது 38, புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன்.
வாசகர், புதுச்சேரி

பதில்: வேலை உத்தரவுக்கான சிஆர்எஸ் மதிப்பெண்கள் 2025 மார்ச் 25 அன்று நீக்கப்பட்டுவிட்டன. பணத்துக்கு வேலைக் கடிதம் விற்கும் வியாபாரம் பெருகியதே அதற்குக் காரணம். அரசுக் கட்டணம் 2024 ஏப்ரல் 30 அன்று நிர்ணயித்தபடி பெரியவருக்கு 950 டாலரும், வசிப்புரிமைக்கான 575 டாலரும் சேர்ந்து 1,525. விரல் ரேகைப் பதிவுக்கு 85. முகவர் இல்லாமலே விண்ணப்பிக்கலாம். வைத்துக்கொள்வதானால், அவர் கனடாவின் குடிவரவு ஆலோசகர் கல்லூரி என்னும் ஒழுங்குமுறை அமைப்பில் உரிமம் பெற்றவரா என்று அதன் பொதுப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பாருங்கள். அவருடைய மின்னஞ்சலில் உங்கள் கணக்கைத் திறக்க விடாதீர்கள். கடவுச்சொல் உங்களிடம் இருக்கட்டும்.

அவர் உங்களிடம் கேட்காமல் விட்டது பிரெஞ்சை. டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா என்னும் பிரெஞ்சு மொழித் தேர்வில் நான்கு திறன்களிலும் 7-ஆம் நிலையை எட்டினால் பிரெஞ்சு தனிச் சுற்றுக்குத் தகுதி பெறுவீர்கள். ஆங்கிலத்தில் சிஎல்பி 5 இருந்தால் 50 மதிப்பெண் கூடுதலாகவும் வரும். 2025 மார்ச் 21 அன்று நடந்த பிரெஞ்சுச் சுற்றில் கட்-ஆஃப் 379 மட்டுமே. பள்ளிப் பிரெஞ்சு துருப்பிடித்திருந்தால் பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் ஊரிலேயே இருக்கிறது. தேர்வு முடிவு 2 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும் என்பதால், கல்விச் சான்று மதிப்பீட்டுக்கு முதலில் அனுப்பிவிட்டு, அது கைக்கு வரும் சமயத்தில் தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள்.